காரோடு வந்த ரேடியோ

கொரட்டூர் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, பழைய பித்தளை அண்டாவுக்குள் காக்கிச் சட்டையில் சுற்றிய பொருள் ஒன்று கிடைத்தது. பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குமிழ், நடுவில் எண்கள் எழுதிய கண்ணாடி, அதற்குக் கீழே பல்வரிசை மாதிரி வெள்ளைப் பொத்தான்கள். வலப்பக்கக் குமிழின் விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அது சத்தத்தைக் கூட்டுகிற குமிழ். அப்பாவின் விரல்கள் திருகித் திருகித் தேய்த்த குமிழ். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். பழைய இரும்புக்காரர் தராசோடு வாசலில் நின்றார். அண்டாவைக் கொடுத்தேன், உடைந்த நாற்காலிகளைக் கொடுத்தேன், இதை மட்டும் கொடுக்கவில்லை. பாசத்தினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்த கேட்டுக்கெல்லாம் முதன்முதலில் பழி சுமந்தது இந்த ரேடியோதான். அதையும் ஒரு தடவை விசாரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எண்பதுகளின் நடுவில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓர் அதிகாரி ஓய்வு பெற்றுப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார் எங்களுடையது. வாங்கும்போதே அதற்கு நல்ல வயது. பாலாடை நிறம், பின்கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது, மழைக்காலத்தில் ஆள் வைத்துத் தள்ளினால்தான் கிளம்பும். ஆனாலும் எங்கள் தெருவில் கார் என்றால் அது ஒன்றுதான். அப்பாவைப் பெற்றவர் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அந்தக் குடும்பத்தில் முதல் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதைத் துடைப்பதைத் தெருவே பார்க்கும். தெரு பார்க்க வேண்டும் என்றே அவர் மெதுவாகத் துடைப்பார். பிறகு நாங்கள் மூவரும் கிளம்பித் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போவோம். முன்பக்கத்து ஏரியல் கம்பியை இழுத்து நீட்டுவது என் வேலை. கார் செய்யும்போதே பொருத்திய ரேடியோ அது. ஒரே ஒரு ஸ்பீக்கர், முன்பலகைக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும். அம்பத்தூர் தாண்டும்வரை பாட்டு வரும், அப்புறம் விளம்பரம், கோயில் கோபுரம் கண்ணில் படும்போது செய்தி. அந்த நாட்களில் அப்பாவும் பாட்டோடு சேர்ந்து பாடுவார். நன்றாகவே பாடுவார்.

அவர் வேலை பார்த்தது பக்கத்து ஊரான பாடியில், பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை அச்சில் வைத்தால் மேலிருந்து ஒரு பெரிய எடை இறங்கி அடிக்கும், ஒரு பாகம் வந்து விழும். அடுத்த தகடு, அடுத்த அடி. அப்படிப்பட்ட மெஷின்கள் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக நின்று நாள் முழுக்க அடித்தன. மீசை முளைத்த வயதில் உள்ளே நுழைந்த அப்பா, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆகியிருந்தார். அங்கே யாரும் வாயால் பேச மாட்டார்கள். பேசினாலும் கேட்காது. எல்லாம் கைதான். மீசையை முறுக்கிக் காட்டினால் மேனேஜர் வருகிறார். கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்தால் டீ. விரித்த கையை மெல்ல மூடினால் மெஷின் நின்றுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, விட்டுவிடு என்று அர்த்தம். வாயசைவைப் பார்த்தே எதிராளி சொல்வதைத் தெரிந்துகொள்ளவும் பழகியிருந்தார்கள்.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமா அதே லைனில் அச்சு மாட்டுகிறவர். மாமா என்பது நான் கூப்பிட்ட முறைதான், சொந்தமில்லை. அவரும் அப்பாவும் தெருவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு வாய் திறக்காமல் கையாலேயே அரட்டை அடிப்பார்கள், திடீரென்று இரண்டு பேரும் சிரிப்பார்கள். குழம்பு தீர்ந்துபோனால் அம்மாவும் கையை விரித்து மூடிக் காட்டுவாள். எனக்கு அதெல்லாம் விளையாட்டாக இருந்தது. காதில் வைத்துக்கொள்ள கம்பெனி ஒன்றும் கொடுக்கவில்லை. மெஷின் துடைக்கிற கழிவுப் பஞ்சைச் சிலர் உருட்டி அடைத்துக்கொள்வார்களாம். அப்பா அதுவும் செய்ய மாட்டார். "சத்தத்த வெச்சிதான் அச்சு தேஞ்சிகீதா, விரிசல் உட்டுகீதானு கண்டுபுடிக்கணும். பஞ்ச அடச்சிகினு இன்னாத்த கண்டுபுடிக்கிறது?" என்பார். காதுதான் அவருடைய வேலை, காதுதான் அவருடைய கௌரவம். அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் குமிழைத் திருகிக்கொண்டே, "இன்னாது இது, வாயில துணிய வெச்சிகினு பாடற மாரி கீது" என்றார். எங்களுக்குப் பாட்டு கணீரென்று கேட்டது. அடுத்தடுத்த வாரங்களில் இதே பேச்சு. காரை நிறுத்தி முன்பலகையைத் தட்டினார், ஏரியலைத் துடைத்தார், வயரைப் பிடுங்கிச் செருகினார். ஒரு நாள் அம்மா பொறுக்க முடியாமல், "ரேடியோ நல்லாத்தான் கீது. உங்க காதத்தான் டாக்டராண்ட காட்டணும்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிடவில்லை. அம்மா அந்தப் பேச்சை மறுபடியும் எடுக்கவில்லை. காது போகிறது என்றால் சூப்பர்வைசர் வேலை போகும், கேட்டில் வாட்ச்மேனாகக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் ரேடியோ கெட்டுப்போயிற்று என்று வீட்டோடு ஒப்புக்கொண்டோம். அப்பாவே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து அதைக் கழற்றினார்.

அம்பத்தூரில் மெயின் ரோட்டுமேல் ஒரு கடை இருந்தது. கடையின் மூன்று சுவரிலும் ஸ்பீக்கர். அதன் முதலாளியை நாங்கள் செட்டுக்காரர் என்போம். கார்களுக்கு செட் மாட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் தடவை போனபோது அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "அண்ணாத்தே எங்க வேல?" என்றார். "பாடில. பிரஸ் ஷாப்பு" என்றார் அப்பா. "அப்ப உங்களுக்கு வேற மாரி குடுக்கணும்" என்று கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பெரிய கம்பெனி ஆள் என்று நமக்குத் தனி மரியாதை என அப்பா பூரித்துப்போனார். நானும்தான்.

முதலில் கேசட் போடுகிற செட் வந்தது. பழைய ரேடியோ இருந்த ஓட்டையில் அது நுழையவில்லை. முன்பலகைத் தகட்டை அப்பாவே அளந்து அறுத்து, அரம் போட்டு, கை கிழிக்காதபடி விளிம்பை மழுக்கினார். தகடு என்றால் அவர் கை தனியாக வேலை செய்யும். கொஞ்ச நாளில் அதன் சத்தமும் மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. பின்சீட்டுக்குப் பின்னால் முட்டை வடிவத்தில் ஓட்டை போட்டு இரண்டு ஸ்பீக்கர் வைத்தார்கள். பிறகு சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர். பிறகு ஈக்குவலைசர், பச்சையும் சிவப்புமாக விளக்கு குதிக்கும், வரிசையாகத் தள்ளுகிற குமிழ்கள் இருக்கும். கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற வலது ஓரத்துக் குமிழ்களை மட்டும் செட்டுக்காரர் முட்டும்வரை மேலே தள்ளிவைப்பார். "ஆங், இப்பதான் தெளிவா கீது!" என்பார் அப்பா. கடைசியில் கண்ணாடி ஓரத்தில் கீச்சுச் சத்தத்துக்கென்றே ட்வீட்டர் என்று இரண்டு சின்ன ஸ்பீக்கர். அதற்குள் தொண்ணூறுகள் பிறந்துவிட்டிருந்தன. நான் கல்லூரியில் இருந்தேன்.

அந்தக் காருக்குள் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. பாடுகிறவர் 'ச' என்று சொன்னால் காதில் ஊசி ஏறும். மஞ்சள் துணி போர்த்திய தட்டில் தேங்காயும் பூவும் வைத்துக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு சாமி கும்பிடப் போன குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். அம்மா பஞ்சை உருட்டி முன்கூட்டியே கைப்பையில் வைத்திருப்பாள். அப்பாவின் காதில் ஏறியிருக்க வேண்டிய காலத்தில் அந்தப் பஞ்சு ஏறவில்லை, எங்கள் காதில் ஏறியது. குக்கர் விசில் அவருக்குக் கேட்பதில்லை. லாரி வந்தால் கேட்கும், எதிர்வீட்டு மாமாவின் கட்டைக்குரல் கேட்கும். என் குரல் சன்னமானது. "வாயத் தொறந்து பேசு பாப்பா, முணுமுணுங்காத" என்பார். கத்திப் பேசினால், "இன்னாத்துக்கு கத்துற?" என்பார். அவர் காதைவிட்டு முதலில் போனது என் குரல்தான். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி டாக்டர் எல்லாருக்கும் காது பார்ப்பார். பார்ப்பது என்றால் என்ன? ஒருத்தரை நிற்கவைத்து, முதுகுக்குப் பின்னால் நின்று, மெல்லிய குரலில் ஓர் எண்ணைச் சொல்வார். அதைத் திருப்பிச் சொன்னால் காது நன்றாக இருக்கிறது. மற்றவர்கள் எதிரே வரிசையில் காத்திருப்பார்கள். அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு டாக்டரின் குரல் கேட்காது, ஆனால் வாய் தெரியும். வாயைப் படித்து, இடுப்புக்குக் கீழே விரலால் எண்ணைக் காட்டிவிடுவார்கள். அப்பாவுக்கு எப்போதும் விரல் காட்டுவது எதிர்வீட்டு மாமா. மாமாவின் முறை வரும்போது அப்பா காட்டுவார். இதை எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் நடித்தே காட்டினார்கள். மாமா விரலை நீட்ட, அப்பா முகத்தைச் சாமர்த்தியமாக வைத்துக்கொண்டு "ஏழு சார்!" என்று கத்த, வயிறு குலுங்கச் சிரித்தோம். "மச்சான் வெரலு இருக்கிற வரைக்கும் எனக்கு இன்னா கவல?" என்றார் அப்பா.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று எனக்கு உறைத்தது. முதுகுக்குப் பின்னால் நிற்கிற டாக்டருக்கும் எதிரே அதே வரிசைதானே தெரியும்? அந்த விரல்களை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். எத்தனை பேருக்குக் காது போயிற்று என்று யாராவது கேட்டால், எங்கள் ஆட்களுக்குப் பாம்புக் காது என்று கம்பெனி மார்தட்டிக்கொள்ளலாம். தாங்கள் டாக்டரை ஏமாற்றுவதாக நினைத்து, பாவிகள் கம்பெனிக்கு வேலை செய்துகொடுத்திருக்கிறார்கள். நல்ல டாக்டர் என்று அவருக்குப் பேர் வேறு. ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போவார்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோடையில் அது நடந்தது. அச்சுக்குள் ஒரு தகடு சிக்கிக்கொண்டது. மாமா இரண்டு கையையும் உள்ளே விட்டு அதை நெம்பிக்கொண்டிருந்தார். அப்பா பொத்தான் பக்கத்தில் நின்றார். வழக்கமாக, எடு, இறக்கு, நிறுத்து என்று எல்லாவற்றையும் மாமா கையால்தான் காட்டுவார். அன்றைக்குக் காட்டக் கை இல்லை. தகடு வெளியே வந்து விழுந்ததைப் பார்த்த அப்பா வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டார். மாமா இன்னொரு துண்டு உள்ளே இருப்பதைப் பார்த்து, "இரு மச்சான், இரு" என்று கத்தியிருக்கிறார். பக்கத்து லைனில் மெஷின் நின்றிருந்த நேரம். நல்ல காது உள்ள யாருக்கும் கேட்டிருக்கும் என்றார்கள். அப்பா பொத்தானை அமுக்கினார். மாமாவின் வலதுகையில் இரண்டு விரல் போய்விட்டது. டாக்டரின் எண்ணை அப்பாவுக்குக் காட்டிய அதே கை.

விசாரணையில் நடந்ததை யூனியன்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். முதலில் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவருக்குக் காது நன்றாகக் கேட்கும், போன தடவைகூட நானே பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள், அவர் கத்தியது உங்களுக்குக் கேட்டதா இல்லையா என்று. கேட்கவில்லை என்றால், வருடா வருடம் எப்படி எண்ணைச் சொன்னாய் என்ற கேள்வி வரும். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் இழுத்துவந்து மறுபடி காது பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு வேலை இருக்காது. கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மாமாவுக்கும்தான். அப்பா, "கேட்டுச்சு சார். நாந்தான் கவனிக்கல" என்றாராம். அதோடு முடிந்தது. கம்பெனிக்கு வேண்டியது அவ்வளவுதான். மெஷின்மேல் குற்றமில்லை, சத்தத்தின்மேல் குற்றமில்லை, ஆள்மேல்தான் குற்றம். அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமாவைக் கேட்டில் உட்காரவைத்தார்கள்.

வீம்பு என்றாள் அம்மா. செவிடன் என்று பேர் வாங்குவதைவிடக் கவனமில்லாதவன் என்று பேர் வாங்கலாம் என்று நினைத்திருப்பார் என்றாள். யூனியன்காரரோ, எல்லாரையும் காப்பாத்திட்டாரு என்று கண் கலங்கினார். கலங்கினாரே தவிர, காப்பாற்றப்பட்டவர்களில் ஒருத்தர்கூட எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்பார்கள். நான் எதிர்பார்த்தேன்.

வந்தவர் மாமாவின் மனைவி, அத்தை. ஒரு காலையில் அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை போன பிறகும் துடைப்பதை நிறுத்தவில்லை. அத்தை தெருவைத் தாண்டி வந்து அவர் முன்னால் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே கேட்டார். "இன்னாண்ணா, காதுல உழுந்துச்சுனு உன் வாயாலயே சொல்லிகினு வந்தியாமே! அவுரு இரு இருனு கத்தனது உழுந்தும் அமுக்கினியா? சொல்லுண்ணா, உழுந்துச்சா?" அப்பாவுக்கு வாய் தெரியவில்லை. முந்தானை மறைத்திருந்தது. காது கேட்காதவர்கள் எல்லாரும் செய்கிற ஒன்றை அவரும் செய்தார். முகத்தில் துக்கத்தை வைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அத்தை ஓரடி பின்னால் போனார். அம்மா வாசலிலிருந்து ஓடிவந்து, "அய்யோ, அவுருக்குக் காது" என்று ஆரம்பித்தாள். அப்பா அம்மாவின் வாயைப் பார்த்தார். துடைக்கிற துணி ஒரு கையில் இருக்க, இன்னொரு கையை விரித்து, மெல்ல மூடினார். விட்டுவிடு. அம்மா வாயை மூடிக்கொண்டாள். அத்தை திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எதிர்வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பேச்சே கிடையாது, கைப்பேச்சும் கிடையாது. அப்பாவுக்குக் கேட்காது என்பது உலகத்தில் யாருக்குத் தெரிந்ததோ இல்லையோ, மாமாவுக்குத் தெரியும். அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சைக்கிளில் எங்கள் வாசலைத் தாண்டும்போது கீழே பார்த்துக்கொண்டு போவார். கேட் வேலையாவது நிலைக்க வேண்டுமே.

கார் கொஞ்ச நாள் நின்றது. அப்பா அதற்குள் உட்கார்ந்து செட்டைப் போட்டுக்கொண்டு இருப்பார். பேட்டரி இறங்கிப்போகும், சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவார். கடைசியில் விற்றோம். வாங்கியவர் பாட்டு கேட்காத மனிதர், செட்டெல்லாம் வேண்டாம் என்றார். கழற்ற வந்த செட்டுக்காரரிடம், அவர் அந்த வலது ஓரத்துக் குமிழ்களை இறக்கிவிட்டுப் போட்டுப் பார்த்தபோது நான் கேட்டேன், ஏன் எப்போதும் அதையே ஏற்றிவைத்தீர்கள் என்று. "பிரஸ் ஷாப்பு ஆளுங்களுக்கு நம்ம கடையில தனி செட்டிங்குமா. அவங்களுக்கு கீச்சுனு வர்ற மேல்சத்தம்தான் மொதல்ல பூடும். எத்தினி பேருக்குப் போட்டுகீறேன் தெரியுமா?" என்றார், ஏதோ சேவை செய்த மாதிரி. அப்பவே சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே, "உங்கப்பாக்குத் தெரியாதுனா நெனச்சிகினு கீற?" என்றார்.

இன்று அப்பா திருமுல்லைவாயிலில் என் வீட்டில்தான் இருக்கிறார். அம்மா போய்விட்டாள். காதில் ஒன்றும் விழுவதில்லை. காது மெஷின் வாங்கிக் கொடுத்தால் இழுப்பறையில் போட்டுவிடுகிறார். பரணிலிருந்து வந்த ரேடியோவை மேஜைமேல் வைத்து, தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, ஒரு ஸ்பீக்கரைக் கோத்து, ஏரியலுக்குப் பதிலாக ஒரு கம்பியை ஜன்னலில் மாட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக விளக்கு எரிந்தது. கொஞ்சம் கரகரத்தது. பிறகு ஒரு பெண் செய்தி வாசிப்பது கேட்டது. என்னுடையது மாதிரியே சன்னமான குரல். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. அந்த ரேடியோவில் அன்றைக்கும் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

விளக்கைப் பார்த்துவிட்டு அப்பா எழுந்து வந்தார். குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். விரல் தானாக வலப்பக்கக் குமிழுக்குப் போயிற்று, முட்டும்வரை திருகினார். அந்தப் பெண் வீடு அதிரக் கத்தினாள். எலக்ட்ரீஷியன் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா நிமிர்ந்து, "நான் அப்பவே சொல்லல பாப்பா? இதுல சத்தமே வராது" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், எதிர் வரிசை காட்டும் விரலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

நான் கையை விரித்து, மெல்ல மூடிக் காட்டினேன். அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ரேடியோவில் அந்தப் பெண் வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள்.